எதுக்கும் இருக்கட்டும் என்று திருப்பித் தைத்தவள்

அடினா என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்ட அன்று, என் ஓரகத்தி ஹுல்டா வாசலில் நின்று உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கையில் பாதி ஊசி. ஹுல்டா என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. கான்சாஸ் காற்றைப் போலக் கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறவள். அன்றைக்குத் தட்டினாள். விஷயம் அவ்வளவு பெரிது.

"அக்கா, தையல் கூட்டத்துக்குப் புதுசா அடினான்னு ஒருத்தி வந்திருக்கா. என் ஊசியை ஒடிச்சுட்டா."

"சண்டையா?"

"சண்டை போட்டிருந்தாத் தேவலையே! தைச்சுக் குடுத்தா."

யார் இந்த அடினா என்று கேட்பீர்கள். ஹுல்டாவின் சித்தப்பா மகளுக்கு நாத்தனார். நாற்பதைத் தொட்டும் தொடாத வயது, கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டோடு இருக்க வந்தவள். எங்கள் பக்கத்தில் கோதுமை வயலுக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் அது ஏதாவது ஒரு ஒன்றுவிட்ட அண்ணன் தலையில்தான் விழும். ஆகவே அடினா எனக்கும் ஒரு முறையில் உறவுதான். அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது அவளைப் பற்றி மட்டுமல்ல, அவள் இனத்தைப் பற்றி.

மனிதரில் இரண்டு இனம் உண்டு. தைத்துவிட்டுப் போகிறவர்கள். தைத்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள். அடினா இரண்டாவது இனத்தின் மகாராணி.

ஒட்டுத்துணிப் போர்வை தைத்தறியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். சின்னச் சின்ன முக்கோணத் துணிகளை மெஷினில் சேர்த்து ஒரு கட்டத்துக்குள் எட்டு முனை நட்சத்திரம் செய்வோம். அப்படிப் பல கட்டங்களைச் சேர்த்தால் போர்வையின் முகம். அதற்கடியில் பஞ்சு, பஞ்சுக்கடியில் இன்னொரு துணி, எல்லாவற்றையும் பெரிய மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுற்றி உட்கார்ந்து கையால் தைப்போம். வாய் சும்மா இருக்காது. அது வேறு விஷயம். இதில் முக்கோணங்களைச் சேர்க்கிறபோது தையலின் நுனியில் ரிவர்ஸ் அடித்து, அதாவது வந்த வழியே திரும்பித் தைத்துப் பூட்டு போடுவது கிடையாது. எதற்குப் போட வேண்டும்? ஒரு தையலின் வாலை அடுத்த தையல் வந்து மிதித்துக்கொள்ளும். அதை அதற்கடுத்தது மிதிக்கும். எல்லாவற்றையும் கடைசியில் ஓரப்பட்டை மிதிக்கும்.

அடினாவிடம் லியோனா இதைத்தான் சொன்னாள். லியோனா எங்கள் தையல் கூட்டத்தின் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, கத்தரிக்கோல் அவளுடையது.

"அடுத்த தையல் வராமப் போனா, லியோனாக்கா?"

"ஏன் வராமப் போகுது?"

"உங்களுக்கு ஜுரம் வரலாம். மின்சாரம் போகலாம். கர்த்தரோட வருகையே வந்துடலாம்."

"கர்த்தர் வந்துட்டா அப்புறம் போர்வை எதுக்குடி?"

அடினா மெஷின் பக்கம் திரும்பினாள். ரிவர்ஸ் லீவரைக் கீழே அழுத்தி, கர்ர்ர் என்று பின்னுக்கும் கர்ர்ர் என்று முன்னுக்கும் ஓட்டினாள்.

"எதுக்கும் இருக்கட்டும்" என்றாள்.

இந்த இனத்தை அடையாளம் காண இந்த இரண்டு வார்த்தை போதும். பழைய மிதிமெஷினில் ரிவர்ஸ் லீவர் கிடையாது. அந்தக் காலத்திலேயே அவள் துணியைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் திரும்பித் தைத்தவளாம். அப்படிப்பட்டவள் கையில் லீவர் வைத்த மெஷினைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு முக்கோணத்துக்கும் தலையில் ஒரு பூட்டு, வாலில் ஒரு பூட்டு. எட்டு முனையும் கூடுகிற நட்சத்திரத்தின் நடுவில் அத்தனை பூட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்து, ஒரு பட்டாணி அளவுக்கு உருண்டு திரண்டு நிற்கும். அதற்குள் ஊசி போகாது. போனால் திரும்பாது. ஹுல்டாவின் ஊசி போன இடம் அதுதான்.

சரி, தையலோடு போயிற்றா? அதுதான் இல்லை. இந்த இனத்தார் விருந்துக்கு வந்தால் விடைபெறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் ஊரில் எல்லாருமே சமையலறையில் ஒரு தரம், வாசலில் ஒரு தரம், கார் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு தரம் என்றுதான் விடைபெறுவோம், அது மரியாதை. அடினாவோ தெருமுனை வரை காரை ஓட்டிப் போய், அங்கே திருப்பி, மறுபடி எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "நான் போயிட்டு வரேன்னு சொன்னேனா?" என்று கேட்பாள். சொன்னாய் அம்மா. "எதுக்கும் இருக்கட்டும், போயிட்டு வரேன்." போதகர் ஜெபத்தை முடித்து ஆமென் சொல்லி, சபையே ஆமென் சொல்லி, எல்லாரும் கண்ணைத் திறந்து பாட்டுப் புத்தகத்தைத் தேடும்போது, மூன்றாவது பெஞ்சிலிருந்து மெதுவாக இன்னொரு ஆமென் வரும். வானத்துக்கும் ரிவர்ஸ்.

எங்கள் வீடுகளில் சனிக்கிழமை தோறும் சுடுகிற இரட்டை பன் உண்டு. பெரிய உருண்டை மேல் குட்டி உருண்டை. கட்டைவிரலால் நடுவில் ஓர் அழுத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், சில சமயம் அடுப்பில் தலை சாயும். சாய்ந்தால் சாயட்டுமே, சாப்பிடத்தானே போகிறோம்? அடினாவின் பன் சாயாது. அழுத்திய பிறகு இன்னொரு தரம் அழுத்துவாள். அதற்கும் மேலே நடுவில் ஒரு பல்குச்சியைச் செருகிவிடுவாள். அவள் சுட்ட பன்னை நாங்கள் கடிப்பதில்லை, சோதனை போடுவோம்.

உச்சம் ஒன்று உண்டு. ஒரு மே மாதம் சூறாவளிச் சங்கு ஊதி, மேற்கே வானம் பச்சையாகி, எல்லாரும் நிலவறைக்குள் இறங்கிவிட்டோம். அடினாவும் இறங்கினாள். இறங்கியவள் திரும்பி ஏறினாள். அவள் அண்ணன் பாவாடையைப் பிடித்து இழுத்து, "எங்கேடி போற?" என்று அலறினார்.

"வாசக்கதவைப் பூட்டினேனான்னு ஞாபகமில்லண்ணா!"

சூறாவளி, பூட்டிய வீடு என்று பார்த்துத் திரும்பிப் போய்விடும் என்று எண்ணினாளோ என்னவோ. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு அது எங்கள் ஊரைத் தொடாமல்தான் போயிற்று. அடினா அதற்குப் பிறகு யார் பேச்சையும் கேட்கவில்லை.

இனி எங்கள் வண்டவாளம். எங்கள் ஊரில் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டோம். தையல் கோணலா? "அழகா இருக்கு" என்போம். அவள் கார் முனை திரும்பியதும் லியோனாவின் கத்தரிக்கோல் வெளியே வரும். பிரித்து, நேராகத் தைத்து, மறுவாரம் அவள் வரும்போது ஒன்றும் தெரியாத முகத்தோடு காப்பி ஊற்றுவோம். எல்லாருடைய தையலுக்கும் இது நடந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை. ஆனால் அடினாவின் தையலைப் பிரிக்க முடிந்தால்தானே? லியோனா பிரித்துப் பார்த்தாள். துணி கிழிந்தது, தையல் அப்படியே இருந்தது. ஹுல்டா பல்லால் கடித்துப் பார்த்தாள், பல் ஆடியது.

வேறு வழியில்லாமல் லியோனா, அடினா கொடுக்கிற நட்சத்திரத்தைப் போலவே அதே துணியில் அதே நிறத்தில் இன்னொன்று தைத்து, அதைப் போர்வையில் சேர்த்தாள். அடினாவினுடையது படிக்கட்டுக்கடியில் இருந்த அலமாரிக்குள் போயிற்று. ஒரு தரம் அல்ல. எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மணமக்களுக்குப் போர்வை உண்டு, போர்வைக்கு ஆளுக்கொரு நட்சத்திரம் உண்டு. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அடினா ஒன்று தைத்தாள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒன்று அலமாரிக்குள் போயிற்று. அலமாரி நிறைந்ததும் லியோனா அவற்றைக் கோணிப்பையில் கட்டித் தன் தம்பி ஆர்னோவிடம் கொடுத்து எரிக்கச் சொல்வாள்.

இதிலே என்ன பெரிய பாவம் என்கிறீர்களா? அடினாவின் பேச்சைக் கேட்டிருந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது யாராவது, உனக்கு ஒரு கல்யாணம் ஆகவில்லையே என்று இழுத்தால், அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொல்வாள்: "எனக்கு ஆகலைன்னா என்ன? இந்த ஊர்ல கல்யாணம் ஆன எல்லாக் கட்டில்லயும் என் நட்சத்திரம் ஒண்ணு கிடக்கு." சுற்றி இருக்கிற தலையெல்லாம் அந்த நேரம் தையலுக்குள் புதைந்துவிடும். அவ்வளவு கவனமாக நாங்கள் தைத்ததே இல்லை. அவளுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது. அந்த ஒரு விஷயத்தில் ஊரே ஒற்றுமையாக இருந்தது. கல்யாணப் போர்வையில் தன் நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்து, "நடுவுல புடைப்பாத்தானே இருக்கும்?" என்பாள்.

"இஸ்திரி போட்டுப் போட்டு அமுங்கிடுச்சு" என்பாள் லியோனா, கண்ணைச் சிமிட்டாமல்.

பிறகு லியோனாவின் மகள் ஜோலீனுக்கே கல்யாணம் வந்தது. ஏப்ரல் மாதம். முந்தின இரவு உறைபனி, விடிந்ததும் பளீரென்று வெயில். எங்கள் வழக்கப்படி போர்வையைச் சர்ச்சுக்கு வெளியே கொடியில் தொங்கவிட்டிருந்தோம், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. உள்ளே வெரனிக்கே கொழுக்கட்டைகள் வெந்துகொண்டிருந்தன. அப்போது பார்த்து அவற்றின்மேல் ஊற்றுகிற கிரீம் தீர்ந்தது. ஆர்னோவின் பண்ணை சர்ச்சுக்கு அடுத்த வேலி. லியோனா புதுச் செருப்போடு ஓடினாள், கிரீம் பாத்திரத்தைத் தூக்கினாள், இடுப்பால் கேட்டை ஒரு தள்ளு தள்ளிவிட்டு ஓடிவந்தாள். கொக்கி விழுந்ததா என்று திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முதல் இனம் ஆயிற்றே. எல்லாவற்றையும் அடுத்தது வந்து மிதித்துக்கொள்ளும்.

அடினா அப்போது கொடியருகே நின்று மாப்பிள்ளையின் அத்தைகளுக்குத் தன் நட்சத்திரத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். "ஓரத்துல இருக்கே, நீலம், அதுதான். சும்மா இழுத்துப் பாருங்க, பிரியவே பிரியாது." அத்தைகள் மரியாதைப்பட்டவர்கள், இழுக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கன்றுக்குட்டி வந்து இழுத்தது.

பிறந்து சில நாளே ஆன கன்று. கண்ணில் பட்ட துணியையெல்லாம் மடி என்று நினைக்கிற வயது. போர்வையின் ஓரத்தை வாய் நிறைய வாங்கி, ஒரு சப்பு சப்பி, பால் வராத கோபத்தில் தலையை உதறியது. டர்ர்ர்! நீல நட்சத்திரம் அடியிலிருந்து நடு வரை சுத்தமாகத் தையல்விட்டுப் பிளந்து, உள்ளேயிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தது.

எல்லாரும் கன்றைத் துரத்தினார்கள். அடினா துரத்தவில்லை. பிளந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தாள். நூல் நுனி தளர்வாக, பூட்டில்லாமல் வந்தது.

"இது என் தையல் இல்ல" என்றாள்.

கிரீம் பாத்திரத்தோடு வந்த லியோனா அப்படியே நின்றாள்.

"லியோனாக்கா, இது என் தையல் இல்ல. என்னோடது எங்கே?"

நாங்கள் வானத்தைப் பார்த்தோம். செருப்பைப் பார்த்தோம். ஹுல்டா மட்டும் பதற்றத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல், பார்க்கக் கூடாத இடத்தைப் பார்த்துவிட்டாள். அவள் பார்த்த இடத்தை அடினாவும் பார்த்தாள்.

கன்றுக்குட்டி ஒரு சட்டை போட்டிருந்தது. குளிருக்குப் பண்ணைகளில் கன்றுக்குக் கோணியோ பழைய கோட்டோ போர்த்துவது வழக்கம்தான். ஆனால் இது கழுத்திலிருந்து வால் வரை நட்சத்திரம். சிவப்பு, மஞ்சள், நீலம், புள்ளி போட்டது, கோடு போட்டது, ஒவ்வொன்றின் நடுவிலும் வெயிலில் பளபளக்கிற ஒரு பட்டாணி.

அடினா நடந்து போய்ப் புல்லில் மண்டியிட்டுக் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொன்றாகத் தொட்டாள். "இது ஹுல்டா பொண்ணு கல்யாணத்துது. இது போதகர் மகனோடது. இது..." என்று போய்ப் போய், குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பிறகு கேட்டாள்: "அப்போ ஒரு கட்டில்லகூட இல்லையா?"

 லியோனா கிரீம் பாத்திரத்தோடு கன்றின் பக்கம் இரண்டடி வைத்தாள்.

அந்த நேரத்தில் வேலிப் பக்கமிருந்து ஆர்னோ ஓடிவந்தான். ஐம்பதுக்குப் பக்கம், தனிக்கட்டை. பண்ணையில் கேட்டை மூடிவிட்டுப் பாதி தூரம் வந்து, திரும்பிப் போய் ஆட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி பாதி தூரம் வந்து மறுபடி போகிறவன்.

"கேட்டை நான் மூடினேன்! ரெண்டு தரம் பார்த்தேன்! யாரு திறந்தது?" என்று கத்திக்கொண்டே வந்தவன், அடினா கையில் இருந்ததைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"டேய், உன்னை எரிக்கத்தானே சொன்னேன்!" என்று லியோனா உளறிவிட்டாள்.

"எரிக்கிற துணியா அக்கா இது? இழுத்துப் பார்த்தேன், வரல. ட்ராக்டர்ல கட்டி இழுத்தேன், வரல. இதைத் தைச்சவங்க யாரோ தெரிஞ்சு தைச்சிருக்காங்கன்னு எடுத்து வச்சேன். கன்னு அவ்வளவும் இதைப் போட்டுத்தான் குளிர் தாண்டுச்சு."

அடினா கன்றின் சட்டையைப் புரட்டினாள். கட்டத்தையும் கட்டத்தையும் சேர்த்த தையல் அவளுடையது இல்லை. குதிரைச் சேணம் தைக்கிற தடித்த நூல். நுனியைப் பார்த்தாள். இன்னொரு நுனியைப் பார்த்தாள்.

"திரும்பித் தைச்சிருக்கீங்க."

"ஆமாங்க."

"ரெண்டு தரம்."

"மூணு தரங்க." அவன் தொப்பியை உருட்டினான். "கன்னு ஓடுமில்ல. எதுக்கும் இருக்கட்டும்னு."

அந்த இரண்டு வார்த்தையை வேறொருவர் வாயிலிருந்து கேட்டதும் அடினாவின் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. அழப்போகிறாள் என்று நினைத்தோம். அவள் சிரித்தாள்! அவள் சிரித்ததும் லியோனா அழுதாள். லியோனா அழுததும் கிரீம் முழுக்கக் கன்றின் தலையில் கொட்டியது. கன்று தன் மூக்கைத் தானே நக்கிக்கொண்டு அன்றைக்கு முதல்முறையாகத் திருப்திப்பட்டது.

மணப்பெண் ஜோலீன் முக்காட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அம்மா, எனக்கு அடினா சித்தியோட நட்சத்திரம்தான் வேணும். பிளந்த இடத்துல அதை வச்சுத் தைங்க."

நல்ல யோசனை. கன்றின் சட்டையிலிருந்து ஒரு நீல நட்சத்திரத்தைப் பிரிக்க உட்கார்ந்தோம். லியோனா பிரித்தாள். நான் பிரித்தேன். மாப்பிள்ளை பேனாக்கத்தியோடு வந்தான், கத்தி மழுங்கியது. போதகரும் கோட்டைக் கழற்றினார். ஒரு பக்கம் அடினாவின் பூட்டு, மறு பக்கம் ஆர்னோவின் பூட்டு. கர்த்தர் வந்தாலும் பிரிக்க முடியாது என்று ஹுல்டா சொன்னதைப் போதகர் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டார்.

"பிரிய மாட்டேங்குதே, இப்போ என்ன பண்ண?" என்றாள் லியோனா.

அடினா எழுந்து முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். "பிரிய மாட்டேங்குதுன்னா அப்படியே எடுத்துக்கட்டும். கன்னோட."

ஜோலீன் தம்பதிக்கு அன்று தையல் கூட்டத்தின் கல்யாணப் பரிசு ஒரு போர்வையும் ஒரு கன்றும். போர்வையில் பிளந்த இடத்தை அடினாவே தைத்துக் கொடுத்தாள். அந்த இடம் இன்றும் கல் மாதிரி இருக்கிறது. ஜோலீன் அந்தப் பக்கத்தைக் காலுக்குப் போட்டுக்கொள்கிறாள்.

விருந்து முடிந்து ஆர்னோ விடைபெற்றான். கேட் வரை போனான். திரும்பி வந்தான். "போயிட்டு வரேன்னு சொன்னேனா?" என்று அடினாவிடம் கேட்டான். சொன்னான் என்றாள் அவள். போனான். திரும்பி வந்தான். இந்தத் தரம் வேறொன்று கேட்டான். அவள் சரி என்றாள். அவன் கேட் வரை போய் மறுபடி ஓடிவந்து, "சரின்னா சொன்னீங்க?" என்றான்.

"சரின்னுதான் சொன்னேன். நீங்க போங்க, நானே வந்து இன்னொரு தரம் சொல்றேன்."

அவர்கள் கல்யாணத்தில் போதகர் கேட்டபோது இருவரும் சம்மதம் என்றார்கள். அவர் அடுத்த வரிக்குப் போனதும் இருவரும் மறுபடி சம்மதம் என்றார்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு முந்தின புதன்கிழமை ஹுல்டா என் கதவைத் தட்டினாள். உள்ளங்கையில் பாதி ஊசி.

"அடினாவா?" என்றேன்.

"அடினாவுக்குன்னு தைக்கிற போர்வையில அவளே எப்படி தைப்பா? லியோனாக்காதான், அக்கா! நட்சத்திரத்துக்கு நடுவுல நாலு தரம் ரிவர்ஸ் அடிச்சிருக்காங்க. ஏன் இப்படின்னு கேட்டா, 'அவ கண்டிப்பா இழுத்துப் பாப்பாடி'ங்கறாங்க."

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் அந்த இனத்துக்கும் சம்பந்தமே இல்லை. நல்லது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தது உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதும் அவரேதான். ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்காதீர்கள்: ஹுல்டா எனக்கு என்ன உறவு என்று பார்க்க இப்போது மேலே ஒரு பார்வை பார்த்தீர்களே, அது யார்? என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. முன்பே சொல்லிவிட்டேன். எதற்கும் இருக்கட்டும்.

அடினா இப்போது ஆர்னோவின் பண்ணை வீட்டில் இருக்கிறாள். சர்ச்சைத் தாண்டி அடுத்த கேட், மூன்று கொக்கி போட்டது.